லெட்சுமி ஏன் பனித்தளத்தில் இறங்கவில்லை

தொலைக்காட்சியில் அந்த மனிதர் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆசிய நாடுகளின் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்கு நம் நாடு மறுபடியும் ஓர் அணியை அனுப்பப் போகிறதாம். அதற்காக, எண்பதுகளில் போன எங்கள் அணியின் மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். தேவராஜ். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"எங்க டீம்ல ஒரு எஸ்டேட் பொண்ணு இருந்தா. நல்ல திறமை. ஆனா ரேஸ் அன்னிக்கு பயந்துட்டா. ஐஸ்ல எறங்கவே மாட்டேன்னுட்டா. எஸ்டேட் பிள்ளைங்களுக்கு அந்த மனதைரியம் இல்ல பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். பேட்டி எடுத்த பெண்ணும் சிரித்தாள். நான் அரிசியோடு சேர்த்துத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் தோட்டத்து இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் என்னை மடக்கினார்கள்.

"பாக்கியம்மா, நீங்களும் அப்ப ஜப்பானுக்குக் கூடப் போனீங்கதானே? ஐஸ் லெட்சுமி நெசமாவே பயந்துதான் ஓடியாந்துச்சா?"

"யாரும் ஓடியாரல" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. நான்கு பேர் நின்றால் எனக்குப் பேச வராது.

"அப்ப எழுதிக் குடுங்கலா. மன்றத்து மலர்ல போட்டுருவோம்" என்றான் ஒருவன், விளையாட்டாக.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுதத் தெரியும்.

பள்ளி முடித்ததும் அம்மாவோடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழை, அட்டை, கூடை, அவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரங்கள் வந்தன. பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாடவைக்கும் மேல்மாடி அதனால் காலியாகிவிட்டது. நீளமான மரத்தரை. துரை அதைத் தன் கிளப்புக்கு எடுத்துக்கொண்டு, சக்கரம் வைத்த சப்பாத்து போட்டுச் சறுக்கி விளையாடும் இடமாக ஆக்கினார். சனி ஞாயிறுகளில் மற்றத் தோட்டத்துத் துரைமார், அவர்கள் மனைவிமார், பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஓட்டல்களில் தங்கும் விருந்தாளிகள் எல்லாரும் வருவார்கள். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் இருக்கும் பிள்ளைகள் ஏறக்கூடாது. இத்தனை காலம் எங்கள் அம்மாக்கள் கொழுந்து சுமந்து ஏறிய படிக்கட்டு அது. அதில் எங்கள் பிள்ளைகள் ஏறக்கூடாது.

வருகிறவர்களின் காலில் சப்பாத்தை மாட்டிக் கயிறு கட்டிவிட ஓர் ஆள் வேண்டும். பெண்களின் காலைத் தொட ஆண் கூடாது என்று என்னை எடுத்தார்கள். பிறகு ஆண்கள் காலும் என்னிடமே வந்தது. மற்ற நாட்களில் எப்போதும்போலக் கொழுந்துதான்.

கிளப்பைப் பார்த்துக்கொண்டவர் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், வேலுப்பிள்ளை கிராணி. அவரை எனக்குப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது. கொழுந்து எடுத்த கையில் விரல் நுனி கறுத்திருக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. வாரா வாரம் என் கையை நீட்டச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்ப்பார்.

"வெள்ளைக் காலுறையில கறை பட்டா மேடம் என்னைத்தான் கேப்பாங்க. நல்லாத் தேய்."

எத்தனை வருடம் தேய்த்தேன்! தோல் உரியும்வரை தேய்த்திருக்கிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, விழுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கயிறு கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளவேண்டும். விரல்கள் இருக்கும் பக்கம் கயிறு தளர்வாகப் போகவேண்டும். பாதம் மடிகிற இடத்தில் இறுக்கவேண்டும். அதற்கு மேலே மறுபடியும் தளர்வு. கட்டி முடித்தபின் எழுந்து நிற்கச் சொல்லி, கால் கட்டைவிரலை உள்ளே மடக்க முடிகிறதா என்று கேட்கவேண்டும். இதையெல்லாம் கொஞ்ச நாளில் யாரும் பழகிவிடலாம். கிராணி வைத்த சட்டம் வேறு. ஒருமுறை ஒரு விருந்தாளி விழுந்து, எழுந்து, மறுபடியும் கட்டிக்கொண்டு போய் எலும்பை முறித்துக்கொண்டார். துரை கிராணியைக் கூப்பிட்டுக் கத்தினார். அன்றிலிருந்து, பலமாக விழுந்தவர் யாராக இருந்தாலும் சப்பாத்தைக் கழற்றி, கணுக்காலை என் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் திரும்பக் கட்டக்கூடாது. துரையின் மனைவியாக இருந்தாலும் கூடாது.

இரக்கத்தால் வந்த சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரே என்னிடம் சொன்னார்: "நாளைக்குக் கால் போச்சுன்னா துரை என்னைக் கேப்பார். நான் உன்னைக் கேப்பேன். பழி யார் தலையில வந்து நிக்கும்? கட்டுனவ தலையில."

இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

அந்த மரத்தரைக்கு வாரம் ஒருமுறை மெழுகு போடுவார்கள். அந்த வேலையை அஞ்சலையும் அவள் மகள் லெட்சுமியும் செய்தார்கள். பங்களாக்களில் செய்வதுபோலத்தான்: மெழுகைத் தடவிவிட்டு, இரண்டு காலிலும் சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, சறுக்கிச் சறுக்கித் தேய்ப்பது. அஞ்சலை மெதுவாகப் போவாள். லெட்சுமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே வீச்சில் போவாள். சுவர் வரும்போது ஒரு காலைக் குறுக்கே வைத்துத் திரும்புவாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், குளிர்கால விளையாட்டுச் சங்கம் ஒன்றைத் தலைநகரில் தொடங்கி, பனித்தளத்தில் சறுக்கி ஓடும் பந்தயத்துக்கு ஓர் அணி சேர்த்தார்கள். தலைநகரத்துப் பையன்கள் இரண்டு பேர். குளிருக்குப் பழக வேண்டும் என்று அவர்களை எங்கள் மலைக்குக் கூட்டிவந்தார்கள். எங்கள் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. துரை பங்களாவில் தங்கி, எங்கள் மாடியில் பயிற்சி செய்தார்கள். அவர்களுக்கு மேனேஜராக வந்தவர்தான் தேவராஜ்.

அவர் காலையில் வந்தபோது லெட்சுமி தரை தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்று பார்த்தார்.

"யாருலா இது? சக்கரமே இல்லாம பறக்குது!"

லெட்சுமி நின்று, காலில் கட்டியிருந்த சாக்கை அவிழ்க்கப் போனாள், திட்டுவார் என்று நினைத்து.

"அவுக்காத அவுக்காத. இன்னொரு தடவை போ பாக்கலாம்."

அன்றைக்கே அவளுக்குச் சப்பாத்து கட்டச் சொன்னார். நான்தான் கட்டினேன். அந்த மாடியில் லயத்துக் கால் ஒன்றுக்கு நான் கட்டிய முதல் கட்டு அது. அவள் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க போய் என் காலைத் தொடுறதா?" என்றாள்.

"கண்டவன் காலையெல்லாம் தொடுறேன். உன் கால்ல என்னாடி இருக்கு, நீட்டு."

ஒரு வாரத்தில் தலைநகரத்துப் பையன்களைத் துரத்திப் பிடித்தாள். தேவராஜ் அவளைக் கண்டுபிடித்தார் என்பதை நான் மறுக்கமாட்டேன். பெண்கள் பிரிவில் ஆள் இல்லாமல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அஞ்சலை ஒரே பிடியாக நின்றாள். "வயசுக்கு வந்த பொண்ண ஆம்பளைங்களோட சீமைக்கு அனுப்பமாட்டேன். தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி கூடப் போகணும்." சங்கத்தில் பெண் யாரும் இல்லை. அப்படித்தான் என்னை, சப்பாத்துச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்று பெயர் வைத்துக் கூட்டிப்போனார்கள். ஓடப்போகிறவர்கள் மூன்று பேர். கோட்டு போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறியவர்கள் அதைவிட அதிகம். அவர்களில் பாதிப் பேர் பனித்தளத்துப் பக்கமே வரவில்லை. கடைத்தெருவில் இருந்தார்கள்.

ஜப்பானின் வடக்கே ஒரு நகரம். போட்டிக்குச் சில வாரம் முன்பே போய்விட்டோம். பனித்தளம் என்றால் உறைந்த தண்ணீர்; சப்பாத்தில் சக்கரத்துக்குப் பதில் இரும்புத் தகடு. முதல் நாள் லெட்சுமி விழுந்ததற்குக் கணக்கில்லை. விழும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சோறு இறங்காமல் வாடினாள். குளிரில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. ஆனால் சாக்குக் கட்டித் தேய்த்த அந்தக் குனிவு அவளைக் காப்பாற்றியது. இரண்டாவது வாரத்தில் வளைவில் கையை ஊன்றாமல் திரும்பினாள். ஒரு கொரியாப் பெண் வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

"அக்கா, அந்தப் பொண்ணு என்னா சொன்னா?"

"எனக்கு மட்டும் கொரியா பாஷை தெரியுமா? நல்லாத்தான் சொல்லியிருப்பா."

அவளுக்கு ஒரே ஒரு ஓட்டம்தான். ஐந்நூறு மீட்டர். அது ஒரு வியாழக்கிழமை காலையில்.

புதன்கிழமை தேவராஜ் வந்தார். ஊர்ப் பத்திரிகைக்குப் படம் அனுப்பவேண்டுமாம். பனித்தளத்தில் எடுத்தால் வெள்ளைப் பனி தெரியாதாம். ஊருக்கு வெளியே பனிமலைக்குக் கூட்டிப்போனார். லெட்சுமியின் காலில் நீளமான பனிப்பலகைகளை மாட்டச் சொன்னார். அவள் வாழ்நாளில் போட்டிராத சாமான்.

"சார், எனக்கு இது தெரியாது" என்றாள்.

"யாரு உன்னை ஓடச் சொன்னது? நிக்கணும், அவ்வளவுதான். கொடியைப் பிடிச்சிக்கிட்டு நில்லு. சிரி."

"நாளைக்கு ஓடணும் சார், வேணாமே" என்று நான் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரிவில் பலகை நிற்குமா? நழுவியது. லெட்சுமி இரண்டு கையாலும் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கொடி தரையில் படக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் இல்லையா? கையை ஊன்றியிருந்தால் பிழைத்திருப்பாள். ஊன்றவில்லை. பலகை ஒரு பக்கம் போக, கால் மறுபக்கம் திரும்பியது. கொடி மட்டும் மேலேயே இருந்தது.

"படம் நல்லா வந்திருக்கும்" என்றார் தேவராஜ், படமெடுத்தவரிடம். பிறகு என்னிடம், "தைலம் போட்டுத் தேய்ச்சுவிடு, காலையில சரியாயிடும்" என்றார்.

சரியாகவில்லை. மறுநாள் காலை தளத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, அவள் காலுறையைக் கழற்றினேன். இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தேன். உள்பக்கம் சில்லென்று இருந்தது. வெளிப்பக்கம் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. கணுக்கால் முட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

தேவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "இன்னுமா கட்டல? கூப்பிடப் போறான். கட்டு."

"கட்ட முடியாது சார்."

"என்னது?"

"ஒரு பக்கம் சூடா இருக்கு. கட்டக்கூடாது."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார். கட்டுறவ."

அவருடைய முகம் சிவந்தது. குனிந்து என் காதருகே சொன்னார்: "இங்க பாரு பாக்கியம். ஜெயிக்கச் சொல்லல. ஒரு ரவுண்டு போய் விழட்டும். எனக்குக் கவலையில்ல. பேர் பதிஞ்சா போதும். மேல நான் பதில் சொல்லணும்."

  அவள் காலைப் பிடித்திருந்த கையை நான் எடுக்கவில்லை.

அப்போது லெட்சுமி காலை இன்னும் முன்னால் நீட்டினாள்.

"கட்டுங்கக்கா. எனக்கு வலிக்கல."

"வலிக்கலேன்னா எந்திரிச்சு ஊன்று பாக்கலாம்."

எழுந்தாள். உடனே உட்கார்ந்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அதே காலை நீட்டினாள்.

"அக்கா, இன்னொரு தடவை எனக்கு எப்ப வரும்? எங்கம்மா லயம் பூராச் சொல்லி வெச்சிருக்கு. கட்டுங்கக்கா. உங்க கால்ல வேணா விழுறேன்."

"கட்டமாட்டேன்டி" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த வார்த்தையும் இதைப் போல் கனத்ததில்லை.

தேவராஜ் என்னைத் தள்ளிவிட்டுத் தானே முட்டி போட்டார். அவள் குதிகாலைப் பிடித்துச் சப்பாத்துக்குள் திணித்தார். லெட்சுமி போட்ட சத்தத்தில் அந்தப் பெஞ்சு வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தளத்தில் வேலை செய்யும் ஜப்பான்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். காலைப் பார்த்தாள். டாக்டர், டாக்டர் என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் போனாள். அந்த ஒரு சொல் எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. தேவராஜ் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் வருவதற்குள் ஒலிபெருக்கியில் நம் நாட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு அவள் பெயரை, ஏதோ ஓர் உச்சரிப்பில். இரண்டு முறை கூப்பிட்டார்கள். லெட்சுமி என் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். மற்ற நாட்டுப் பெண்கள் ஓடினார்கள். நாங்கள் பார்த்தோம்.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள்.

மற்றவர்கள் ஊர் திரும்பியபோது எங்களை மட்டும் நிறுத்திவைத்து, பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் கலைந்தபின் வேறு விமானத்தில் ஏற்றினார்கள். அது ஏன் என்று தோட்டத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பனியைப் பார்த்துப் பயந்து லெட்சுமி இறங்க மறுத்தாள் என்று தேவராஜ் விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் மாவுக்கட்டு எப்படி வந்தது? அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். பயந்து ஓடும்போது படிக்கட்டில் விழுந்துவிட்டாளாம்.

நம் ஆட்கள் அதை நம்பினார்கள். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தேவராஜ் பொய் சொன்னார். அவருக்குத் தான் போட்டிருந்த கோட்டைக் காப்பாற்ற வேண்டும். நம் லயத்து ஆட்களுக்கு என்ன வந்தது? காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்க நிற்கும்போது ஐஸ் லெட்சுமி என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். குழாயடியில், "தண்ணி சில்லுன்னு இருக்கு, பயந்துறாத" என்றார்கள். அஞ்சலை சாகும்வரை எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் உட்காரவில்லை.

நான் துரையிடம் போய்ச் சொன்னேன். மிகவும் சிரமப்பட்டுச் சொன்னேன். அப்போது புதிதாக வந்த துரை. "முடிஞ்சுபோன விஷயம், சங்கத்து ஆளுங்க நம்ம விருந்தாளிங்க" என்றார். கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ கட்டலைதானே?"

"கட்டல."

"அப்ப சரி. உன் மேலயும் பழியில்ல, என் மேலயும் பழியில்ல."

லெட்சுமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்த சட்டத்தால்தான் அந்தக் கால் பிழைத்தது என்பது எனக்குத் தெரியும். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல இன்றுவரை மனம் வரவில்லை.

அந்த மாதமே என்னை மாடியிலிருந்து எடுத்துத் தூள் சலிக்கும் இடத்தில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். மூக்கில் தேயிலைத் தூசி ஏறியது. அதோடு என் வேலைக் காலம் முடிந்தது. லெட்சுமி கொஞ்ச காலம் கொழுந்து எடுத்தாள். சரிவில் அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. கல்யாணம் ஆகி கம்போங் ராஜா என்ற ஊருக்குப் போனாள். அங்கே காய்கறிக் கடை வைத்திருக்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் பஸ் ஏறி அவளிடம் போனேன். அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளிடம் காட்டாமல் கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. கோசுக்கு மேல்இலை உரித்துக்கொண்டே கேட்டாள். நான் படித்தேன். கடைசியில், "லெட்சுமி எதற்கும் பயப்படவில்லை" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத அடிச்சிருங்கக்கா."

"ஏண்டி?"

"பயமாத்தான் இருந்துச்சு."

"அந்த ஆளு சொன்னத நீயே சொல்றியா?"

"அவன் சொன்னது வேற. ஜப்பான்ல எறங்குன நாளுலேருந்து பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ராத்திரியெல்லாம் உங்க கையப் புடிச்சிக்கிட்டுத்தானே படுத்தேன்?  அன்னிக்கிக் காலையிலயும் அந்தப் பயத்தோடதான் காலை நீட்டுனேன். ஒரு தடவ இல்ல. ரெண்டு தடவ நீட்டுனேன். பயமில்லாதவன்னு போட்டா, நான் என்னாத்த செஞ்சேன்னு யாருக்கும் தெரியாது."

ஒரு வாடிக்கையாளர் வந்து தக்காளி என்ன விலை என்றார். விலையைச் சொல்லிவிட்டு மறுபடியும் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கட்டலைன்னு ரொம்ப நாள் உங்க மேல கோவமா இருந்தேன். அதையும் போட்டுருங்க. போடுறதுன்னா முழுசாப் போடணும்."

அங்கேயே, கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வரியை அடித்துவிட்டேன். முழுசாகவே போடுகிறேன். லெட்சுமி பயந்தாள். பயந்துகொண்டே, உடைந்த காலை ஓடுவதற்காக இரண்டு முறை நீட்டினாள். கட்டமாட்டேன் என்று சொன்னவள் நான். அதற்காக அவள் என்மேல் கோபப்பட்டாள், அதுவும் நியாயம்தான். அன்றைக்கு அந்தப் பெஞ்சருகே இருந்தவர்களில் பயந்து ஓடியவர் ஒரே ஒருவர். டாக்டர் வருகிறார் என்றதும் முட்டியைத் தட்டிக்கொண்டு ஓடியவர்.